மூணாவது போத்தல்

தோஹா
2005 ஒக்டோபர் 7, வெள்ளி

என்ட ராத்தாவுக்கு, தம்பி முத்தலிப்ட ஸலாம்.

நோன்பு மூணு முடிஞ்சிச்சி. உடம்புக்கு ஒண்டுமில்ல, பின்னேரமாகினா தலையிடிதான், பிளேன்ரீ குடிக்காமத்தான் அது. நீங்க, சரீப் மச்சான், புள்ளகள் எல்லாரும் சுகமா?

ராத்தா, என்னோட வேலை செய்ற ஆதம்பாவா காக்கா லீவில ஊருக்கு வாறார். அவர்ட கையில ஒரு சின்ன வெள்ளப் போத்தல் குடுத்துவிட்டிரிக்கன், மூடி சிவப்பு. கழுவி ஏலக்காய் போட்டு வெச்சிராதீங்க! அது நம்மட பிக்கப்புக்கு.

என்ட வேலை உங்களுக்குத் தெரியும்தானே. பெரிய மிசின்கள் நிக்கிற யார்டுகளுக்கு வேன் ஓட்டிப் போய், அதுகள்ட எஞ்சின்ல இருந்து எடுத்த பழைய எண்ணெய்ப் போத்தல்கள ஒரு லேப்புக்குக் கொண்டுவந்து குடுக்கிறது. ரெண்டு வருசமா அதக் கழிவெண்ணெய் எண்டுதான் நினைச்சன். ராத்தா, அது கழிவு இல்ல! ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்து சீனி இரிக்கா கொழுப்பு இரிக்கா எண்டு பாக்கிறாங்களே, அதே மாதிரி எஞ்சினத் திறக்காமலே உள்ளுக்கு என்ன தேயுது எண்டு எண்ணெய் சொல்லும். இரும்பு கூடினா சிலிண்டர். ஈயமும் செம்பும் கூடினா பேரிங். அலுமினியம் எண்டா பிஸ்டன். எல்லாம் நம்பர்ல வரும்!

இதெல்லாம் எனக்கு ஆரும் படிச்சுத் தரல்ல. வெள்ளிக்கிழமைல நெட் கபேல குந்திப் படிச்சன். எண்ணெய்க்கெண்டே ஒரு ஃபோரம் இரிக்கி, நம்பேலாது உங்களுக்கு, ஆயிரக்கணக்கான ஆக்கள் தங்கட வண்டிட எண்ணெய் ரிப்போட்டப் போட்டுச் சண்டை புடிக்கிறாங்க. நானும் உள்ள பூந்துட்டன். அங்க என்ட பேர் ‘ஓட்டமாவடி பிக்கப்’. என்ட இங்கிலீசு ஓட்டைதான், ஆனா நம்பர் எந்த நாட்டிலயும் நம்பர்தானே. லேப்ல மிசின் ஓட்டுற எகிப்து நாட்டு மிஸ்ரிக்காரர் அஹமட், உன்ட வண்டிட எண்ணெயக் கொண்டுவா, சும்மா பாத்துத் தாறன் எண்டிட்டார்.

ஏன் இவ்வளவு அவதிப்படுறன் எண்டு கேப்பீங்க. அடுத்த ஜூலையோட என்ட கொன்ராக்ட் முடியுது. என்ட மூணு வருச உழைப்பு அந்த பிக்கப். எஞ்சின் நல்லா இரிக்கி எண்டா நான் ஊருக்கே வந்திருவன், நானே ஓடுவன். எஞ்சின் செத்துப்போச்சு எண்டா இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடத்தான் வேணும். அத எண்ணெய்தான் சொல்லணும்.

எடுக்கிற விதம்: பத்து மைல் ஓடிவந்த சூட்டோட எடுக்கணும். மச்சான் எண்ணெய் மாத்தக்குள்ள முதல்ல வாறத விடுங்க, கடைசில வாறதும் வேணாம். நடுவால வாறதப் புடிங்க.

உங்கட துஆவில என்னையும் சேத்துக்கொள்ளுங்க.
தம்பி முத்தலிப்


ஓட்டமாவடி
2005 நவம்பர் 9

தம்பி முத்தலிபுக்கு ராத்தா ஸலாம் சொல்லி எழுதுறது.

பெருநாள் நல்லபடி முடிஞ்சிச்சி. நீ அனுப்பின துணியில சின்னவளுக்கு சட்டை தச்சன், மிச்சத்தில தலகணி உறை. நீ பெருநாளைக்கு என்ன சாப்பிட்டாய் எண்டு எழுதவே இல்ல. எண்ணெயப் பத்தி மட்டும் ரெண்டு பக்கம்.

நடுவால வாறதப் புடிங்க எண்டு நீ எழுதினத வாசிச்சு உன்ட மச்சான் விழுந்து விழுந்து சிரிச்சார். “றஸீனா, உனக்குப் புள்ள வயித்தில இரிக்கக்குள்ள கிளினிக்ல நேர்ஸ் சொன்ன அதே கதை” எண்டார். “இவன் அங்க ட்ரைவரா, இல்ல வண்டிக்கு மூத்திரம் பாக்கிற டொக்டரா?” எண்டும் கேட்டார். நான்தான் சீலையத் தூக்கிச் செருகிக்கொண்டு பிக்கப்புக்குக் கீழ பூந்து புடிச்சன். கையெல்லாம் கறுப்பு. சவுக்காரம் போட்டும் போகல்ல, கைமருதோண்டி வைக்கேலாமப் போச்சு, அந்தக் கோவம் எனக்கு இன்னும் இரிக்கி.

மச்சான் நெல்லு எடுக்க வெல்லாவெளி, கரடியனாறு எண்டு ஓடித் திரியிறார். வண்டி நல்லா இழுக்குதாம். உன்ட வண்டிய அவர் தன்ட கண்ணப் போலப் பாக்கிறார், அத நீ மறக்காத. நான் அதில ஒரு கத்தரிக்காய்க் கூடை ஏத்தினாலும் “முத்தலிப் நம்பித் தந்த அமானிதம், கறை படும்” எண்டு பேச்சு.

போத்தல ஆதம்பாவா காக்காட சாரனுக்குள்ள சுத்திக் குடுத்திரிக்கன். சுகமா இரி. நேரத்துக்குத் தின்.
ராத்தா


தோஹா
2005 டிசம்பர் 2, வெள்ளி

ராத்தாவுக்கும் மச்சானுக்கும் ஸலாம். நான் சுகம், சுகத்திலயும் சுகம். ரிப்போட் வந்திட்டு!!!

இரும்பு 24. செம்பு 6. ஈயம் 4. அலுமினியம் 3. இதெல்லாம் பத்து லட்சத்தில எத்தன பங்கு எண்ட கணக்கு. ராத்தா, இது பிக்கப் இல்ல, பதினெட்டு வயசுப் பொடியன்! ஃபோரத்தில போட்டன், அமெரிக்காவில ஒரு கிழவன் ‘உன்ட மச்சான் வண்டியத் தொட்டிலாட்டி ஓட்டுறாரா’ எண்டு கேட்டிரிக்கான். மச்சானுக்குச் சொல்லுங்க.

ஒண்டே ஒண்டுதான் சரியில்ல. சிலிக்கன் 34. சிலிக்கன் எண்டா மண். புழுதி எஞ்சினுக்குள்ள போகுது. அது காத்து போற வழியாலதான் போகணும். மச்சான், எயார் ஃபில்டரக் கழட்டி அதச் சுத்தியுள்ள ரப்பர் ஓரத்தக் கையால தடவிப் பாருங்க. எங்கயோ ஓட்டை இரிக்கி. நான் இஞ்ச ஏசி ரூமுக்குள்ள இருந்து சொல்றன், இரிக்கி!

வாற ஆள்ட கையில ரெண்டு கேன் எண்ணெய் அனுப்புறன். விசேச எண்ணெய், மொலிப்டினம் எண்டு ஒரு சாமான் கலந்தது, அது இரும்புக்கு மேல வழுவழுப்பாப் படியும். நம்மட ஊர்க் கடையில இது இல்ல. அடுத்த போத்தலுக்கு நட்டுக் கழட்டத் தேவல்ல. எண்ணெய் அளவு பாக்கிற டிப்ஸ்டிக் குழாய்க்குள்ள சேலைன் ட்யூப விட்டு ஊசியால உறிஞ்சி எடுங்க ராத்தா, கை கறுக்காது. எண்ணெயும் வீணாகாது, உள்ள கிடந்து இன்னும் ஓடும்.

எனக்குச் சாப்பாடு சோறும் கோழியும், கேட்டீங்களே. போதுமா?
தம்பி முத்தலிப்


ஓட்டமாவடி
2006 பெப்ரவரி 14

தம்பிக்கு, ஸலாம்.

நாங்க சுகம். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து போச்சு. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உன்ட பேராலயும் இறைச்சி பங்கு வெச்சம்.

உன்ட கடிதம் வந்த அண்டைக்கே மச்சான் எயார் ஃபில்டரக் கழட்டினார். சும்மா, உன்னப் பொய்யனாக்கத்தான். தடவிக்கொண்டு போனவர் ஒரு இடத்தில நிண்டிட்டார். ரப்பர் ஓரம் ஒரு விரல் நீளத்துக்கு வெடிச்சுக் கிடக்கு! எழும்பிப் போய்ப் புதுசு ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

இப்ப பசார்ல ஆரு வண்டியோட வந்தாலும் “உன்ட சிலிக்கன் எத்தன?” எண்டு கேக்கிறாராம். மர்சூக் தன்ட ஓட்டோக்கும் ஒரு போத்தல் வேணும் எண்டு நிக்கிறான். “முத்தலிப் சொன்னாச் சொன்னதுதான்” எண்டு உன்ட மச்சான் சொல்றத நான் என்ட காதால கேட்டன் தம்பி. இந்த மனுசன் என்ட சொல்லுக்கே அப்படித் தலையாட்டினதில்ல.

ரெண்டாவது போத்தல் இத்தோட வருது. உன்ட புது எண்ணெய் ஊத்தி ரெண்டு மாசம் ஓடினது. ட்யூபால எடுத்தன், ஒரு சொட்டும் சிந்தல்ல.

ரோட்டுல ஆமிட செக்கிங் கூடிப்போச்சு. ரெண்டு நாள் கடை பூட்டு. அவ்வளவுதான். நீ யோசிக்காத.
ராத்தா


தோஹா
2006 மார்ச் 10, வெள்ளி

ராத்தா! மச்சான்! ஸலாம்!

சுகம் கேட்டு எழுத நேரமில்ல, சுகம்தானே எல்லாரும்? கேளுங்க!

இரும்பு 13! சிலிக்கன் 9! ஈயம் 2! மொலிப்டினம் 84, அது நான் அனுப்பின எண்ணெய்ட அடையாளம், அப்படியே நிக்கிது. அஹமட் ரெண்டு தரம் மிசின்ல விட்டுப் பாத்தார், நம்பாம. “யா முத்தலிப், இது புது வண்டியா?” எண்டார். பதிமூணு வருசப் பழசு எண்டன். என்ட முதுகில ஒண்டு போட்டார், இன்னும் நோவுது.

முடிவெடுத்திட்டன். கையெழுத்துப் போடமாட்டன். ஜூலை பதினஞ்சு கடைசித் தவணை, அண்டைக்கு ஒபிசில போய் ‘ஹலாஸ்’, முடிஞ்சு எண்டு சொல்லிட்டு டிக்கெட்டோட வாறன். மச்சான், நீங்க இனி நெல்லு பேசினாப் போதும், ஓட்டுறது நான். கரடியனாத்து ரோட்டு, வயல் வட்டைக்குள்ள இறங்கிற வழி எல்லாம் நீங்க காட்டித் தாங்க. பொலநறுவைக்குக் கிழமைக்கு ரெண்டு ஓட்டம் போடலாம். பின் பலகையில என்ன எழுதுறது எண்டு யோசிச்சு வைங்க. எனக்கு ‘இரும்பு 13’ எண்டு எழுத ஆசை, ஒருத்தருக்கும் விளங்காட்டியும் பரவால்ல!

மூணாவது போத்தலும் ஒண்டு அனுப்பிவிடுங்க, கடைசியா, வாறதுக்கு முதல். சும்மா ஆசைக்கு.
உங்கட முத்தலிப்


ஓட்டமாவடி
2006 மே 12

தம்பி முத்தலிபுக்கு, ஸலாம்.

பதில் பிந்திப் போச்சு. போன மாசம் எழுதத் தொடங்கி வெச்சன், பிறகு எழுதல்ல.

சின்னவளுக்கு முன் பல்லு ரெண்டும் விழுந்திட்டு. மா நல்லாக் காய்ச்சிரிக்கி, அணில்தான் தின்னுது. ஆசியா உம்மாட வீட்டுக்கு ரெண்டு மூணு நாளாப் போய்வந்தன். மச்சான் சுகம். கதை கொஞ்சம் குறைவு.

நீ கேட்ட போத்தல் இதில வருது. எண்ணெய் ஒரு மாதிரித்தான் கிடக்கு, எனக்கே தெரியிது. பாத்து எழுது. நல்லா இல்ல எண்டா ஆசைப்பட்டு வேலைய விட்டுப்போட்டு வராத. இன்னும் ரெண்டு வருசம் எண்டாலும் பரவால்ல. அங்க நல்ல வேலை. உன்ட வயசுக்கு ரெண்டு வருசம் ஒரு பெரிய விசயமில்ல.

தின்னு குடிச்சு நல்லா இரி.
ராத்தா


தோஹா
2006 மே 26, வெள்ளி

மச்சானுக்கு, ஸலாம்.

இந்தக் கடிதத்த ராத்தாட பேருக்கு எழுதல்ல, உங்கட பேருக்குத்தான் எழுதுறன். சுகமா இரிப்பீங்க எண்டு நினைக்கிறன்.

மூணாவது ரிப்போட் வந்திட்டு. இரும்பு 140. சோடியம் 310. மக்னீசியம் 41. தண்ணியும் இரிக்கி.

சோடியம் எண்டா உப்பு. ரேடியேட்டர்த் தண்ணி கலந்தா பொட்டாசியமும் சேந்து கூடும், இதில பொட்டாசியம் கொஞ்சம்தான். சோடியம் எட்டுப் பங்குக்கு மக்னீசியம் ஒரு பங்கு வந்தா அது கடல்தண்ணி. நான் சொல்லல்ல, முழு உலகமும் சொல்லுது.

பிக்கப்புக்குள்ள கடல்தண்ணி எப்படி வரும் மச்சான்? சுனாமியில முங்கின வண்டிகளக் கழுவிப் பூசி ஆக்கள்ட தலையில கட்டினாங்க எண்டு நான் நெட்டில படிச்சிரிக்கன். நாம வாங்கினது சுனாமி முடிஞ்சு மூணு மாசத்தில. நீங்கதான் போய்ப் பாத்து, நல்ல வண்டி எண்டு சொன்னீங்க. உங்கள நம்பித்தான் காசு அனுப்பினன். தெரிஞ்சு செய்தீங்க எண்டு சொல்லமாட்டன். ஆனா வாங்கக்குள்ள சீட்டுக்குக் கீழ ஒரு தரம் துருப் பாத்திரிந்தா தெரிஞ்சிரிக்கும்தானே?

ஜூலை பதினஞ்சுக்கு இன்னும் ஏழு கிழமை. இனி நான் என்ன செய்றது, சொல்லுங்க.
முத்தலிப்


ஓட்டமாவடி
2006 ஜூன் 7

முத்தலிபுக்கு சரீப் மச்சான் எழுதுறது. ஸலாம். நாங்க சுகம்.

எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். சுருக்கமாச் சொல்றன்.

வண்டிய வெல்லாவெளியில நல்லரத்தினம் எண்ட வயல்காரர்ட்ட வாங்கினம். அவர் அந்த வண்டியில நெல்லும் உரமும் ஏத்தினவர். வெல்லாவெளிக்குக் கடல் வரல்ல. சீட்டுக்குக் கீழ நான் பாத்தன். மட்கார்ட்டுக்குள்ள கைய விட்டும் பாத்தன். துரு இல்ல.

எண்ணெய் நான் மாத்தல்ல. நீ அனுப்பினதுதான் இன்னும் உள்ள கிடக்கு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா அளவு பாக்கிறன், குறையல்ல. தண்ணி கலந்தா எண்ணெய் பால் மாதிரி வெளுக்கும். வெளுக்கல்ல.

வண்டி உன்ட. நீ வந்து பாரு. என்னில பிழை இரிந்தா நான் பொறுப்பு.
சரீப்


தோஹா
2006 ஜூன் 16, வெள்ளி

ராத்தாவுக்கு மட்டும்.

ஸலாம் ராத்தா. சுகமா எண்டு இந்த முறை உண்மையாக் கேக்கிறன்.

மச்சான்ட கடிதம் வந்து நாலு நாள். வேன் ஓட்டக்குள்ளயும் அதுதான் தலைக்குள்ள. நான் ஒரு மடையன். சோடியம் 310 எண்ட நம்பரக் கண்ட உடன மத்த நம்பர் ஒண்டையும் பாக்காமக் கொதிச்சு எழுதிட்டன். ஃபோரத்தில ரிப்போட்டப் போட்டு என்ட மச்சான் ஏமாந்திட்டார் எண்டு ஒப்பாரி வேற. அந்த அமெரிக்கக் கிழவன் ஒரே ஒரு வரிதான் எழுதினான்: ‘போன முறை 84 இருந்த மொலிப்டினம் எங்க போச்சு?’

ராத்தா, நான் ரிப்போட்ட எடுத்துப் பாத்தன். மொலிப்டினம் பூச்சியம்.

மச்சான் எண்ணெய் மாத்தல்ல. நான் அனுப்பின எண்ணெய்தான் உள்ள கிடக்கு. அப்ப எண்பத்துநாலு இல்லாட்டியும் எண்பது இரிக்கணும். தேயிற சாமான் இல்ல அது, காணாமப் போகாது. இது நம்மட பிக்கப்புட எண்ணெயே இல்ல. கடல்தண்ணி, கடல்தண்ணியால எஞ்சினக் குளிராக்கிற கூலர்ட செம்பு, எல்லாம் சேத்துப் பாத்தா இது ஒரு வள்ளத்து எஞ்சின். வாழைச்சேனைத் துறையில நிக்கிற ஏதோ ஒரு வள்ளம். சரியா?

போத்தல நிரப்பினது நீங்க. ஏன் ராத்தா?

மச்சான் வீட்டில இல்லாத நேரம் இத வாசிங்க.
முத்தலிப்


ஓட்டமாவடி
2006 ஜூன் 28

தம்பி, ஸலாம்.

ஓம். வாழைச்சேனை ஜெமீலாட புருசன்ட வள்ளம். ஆகக் கறுத்த, ஆக நாத்தமான எண்ணெய் எது எண்டு கேட்டு அதத்தான் எடுத்தன். கறுப்பா இரிந்தாப் போதும் எண்டு நினைச்சன். உப்பையும் அது சொல்லும் எண்டு எனக்கென்ன தெரியும். உன்ட மச்சான்ட தலையில அது வந்து விழும் எண்டும் தெரியா. உன்ட கடிதத்த வாசிச்சிட்டு அந்த மனுசன் பிக்கப்ப நாலு பக்கமும் சுத்திச் சுத்தித் துருத் தேடினத நான் யன்னலால பாத்துக்கொண்டு நிண்டன். நான்தான் செய்தன் எண்டு அவர்ட்ட சொல்ல வாய் வரல்ல, தம்பி.

சொல்றன் கேளு. மார்ச் கடைசியில மச்சான் கரடியனாத்துப் பக்கம் நெல்லுக்குப் போனவர், அண்டைக்கு வரல்ல. அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வந்தார். வண்டி சரி, ஆளும் சரி. வழியில மறிச்சு வெச்சிரிந்தாங்களாம். ஆரு எண்டு கேக்காத, எனக்கும் சொல்லல்ல. குளிச்சார், திண்டார், படுத்தார். பிறகு “முத்தலிபுக்கு எழுதாத, அவன் அங்க நிம்மதியா இரிக்கட்டும்” எண்டார்.

ஏப்ரல்ல ஆசியா உம்மாட மகன் முஹம்மட் டிரக்டர எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனான். டிரக்டர் ரோட்டுக்கரையில நிண்டிச்சி. அவன் இல்ல. இண்டைக்கு வரைக்கும் இல்ல. உன்னோட ஒண்டாப் பள்ளிக்கூடம் போனவன். ரெண்டு கிழமை அந்த டிரக்டர எடுத்து வர ஒருத்தரும் போகல்ல.

அப்ப உன்ட கடிதம் வீட்டில கிடக்கு, ‘ஓட்டுறது நான்’ எண்டு. வராத எண்டு எழுதினா நீ அடுத்த பிளேன்ல வந்து நிப்பாய். உன்ன நான்தான் வளத்தன், எனக்குத் தெரியும். நீ மனுசர் சொன்னாக் கேக்கமாட்டாய், எண்ணெய் சொன்னாக் கேப்பாய். அதுதான்.

பிழை எண்டா என்ன மன்னிச்சிரு. ஆனா வராத.
ராத்தா


தோஹா
2006 ஜூலை 7, வெள்ளி

ராத்தாவுக்கு, ஸலாம்.

முஹம்மட்ட விசயம் வாசிச்சு ரெண்டு நாள் வேலைக்குப் போகல்ல. அவன்ட உம்மாக்கு என்ட ஸலாத்தச் சொல்லுங்க.

நேத்து ஒபிசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிட்டன். ரெண்டு வருசம். நீங்க நிம்மதியா நித்திரை கொள்ளுங்க.

ஆனா எனக்கு நித்திரை வரல்ல ராத்தா. என்ன வரவேணாம் எண்டு நிப்பாட்டினீங்க, சரி. மச்சான் இப்பவும் அதே வண்டியில அதே ரோட்டுலதானே போறார்? என்ட வண்டி எண்டு போறார்! நான் பயமா இரிக்கி, நிப்பாட்டுங்க எண்டு எழுதினா, “நீ சின்னப் பொடியன், எனக்கு வழி தெரியும்” எண்டு சிரிச்சிட்டுப் போவார். எஞ்சின் பிழை எண்டா மட்டும்தான் நிப்பாட்டுவார்.

அதால இத்தோட இன்னொரு கடிதம் வெச்சிரிக்கன், அவருக்கு. வாசிக்க அவர் கண்ணாடியத் தேடக்குள்ள நீங்களே வாசிச்சுக் காட்டிருங்க. இந்த எண்ணெய் விசயத்தில நான் ஒரு நாளும் ஒரு நம்பரக்கூட மாத்தி எழுதினதில்ல ராத்தா. ஃபோரத்தில அப்படிச் செய்தவனுக்கு நானே ஏசியிரிக்கன். எழுதக்குள்ள கை கூசிச்சு. ஆனா நல்லா எழுதியிரிக்கன், ஒருத்தருக்கும் பிழை புடிக்கேலாது.
தம்பி


தோஹா
2006 ஜூலை 7

மரியாதைக்குரிய சரீப் மச்சானுக்கு, முத்தலிப் ஸலாத்தோட மன்னிப்புக் கேட்டு எழுதுறது.

மச்சான், மூணாவது போத்தல் நம்மட இல்ல. லேபல் ஒட்டக்குள்ள நான்தான் மாத்தி ஒட்டிட்டன், அது வேற ஆரோ ஒருத்தர்ட வள்ளத்து எண்ணெய். பிழை முழுக்க என்ட. வண்டி முங்கின வண்டி இல்ல. நீங்க பாத்து வாங்கினது சரியான வாங்கல். நான் எழுதின அந்தக் கடிதத்தக் கிழிச்சுப் போடுங்க, அத நினைச்சா எனக்கு வெக்கமா இரிக்கி.

ஆனா வேற ஒரு விசயம் புடிபட்டிரிக்கி. நம்மட உண்மையான மூணாவது போத்தலத் தேடி எடுத்து அஹமட்டக் கொண்டு மிசின்ல ஓடவிட்டுப் பாத்தன். ஈயம் 98. செம்பு 71. போன முறை ஈயம் வெறும் ரெண்டு மச்சான்! இது பேரிங் கரையிற அடையாளம். வெளியில ஒரு சத்தமும் வராது. எண்ணெய் வெளுக்காது, குறையாது, இழுவையும் நல்லாத்தான் இரிக்கும். ஒரு நாள் திடீரெண்டு கிராங் இறுகிப் புடிச்சு எஞ்சின் நிண்டிரும். அது எங்க புடிக்கும் எண்டு ஆருக்கும் சொல்லேலா. வட்டைக்கு நடுவில, ஆளில்லாத ரோட்டுல புடிச்சா வண்டிய விட்டுப்போட்டு நடந்துதான் வரணும்.

அதால இண்டையில இருந்து ஸ்டார்ட் பண்ணவே வேணாம். பசாருக்குக்கூட வேணாம். திறந்து செய்றதுக்குச் சாமான் இஞ்ச இருந்துதான் வரணும், ரெண்டு வருசத்தில நானே கொண்டுவாறன். அதுவரைக்கும் நிப்பாட்டி வைங்க. உங்கட காலப் புடிச்சுக் கேக்கிறன்.
முத்தலிப்


ஓட்டமாவடி
2006 ஜூலை 25

முத்தலிபுக்கு, சரீப் மச்சான். ஸலாம்.

புள்ளகள் சுகம். றஸீனா சுகம். நானும் சுகம்.

வண்டிய நிப்பாட்டிட்டன். நான் நெல்லுக் குடுக்கிற மில்லுக்குப் பின்னுள்ள நெல்லுக் கொட்டிலுக்குள்ள விட்டு, நாலு பக்கமும் கட்டை வெச்சு ஏத்தி, பெட்டரியக் கழட்டியாச்சு. டயர் நிலத்தில முட்டல்ல. மில் முதலாளி அங்கயே நெல்லு நிறுக்கிற வேலை தந்திரிக்கார். அஞ்சு மணிக்கு வீட்ட வந்திருவன். அஞ்சு மணிக்கு வீட்டில இரிந்து பழக்கமில்ல, புள்ளகள்ட சத்தத்தில தலை வெடிக்குது. சின்னவள் என்ன விருந்தாளியப் பாக்கிற மாதிரிப் பாக்கிறாள்.

ஒண்டு சொல்லணும். உன்ட கடிதத்த றஸீனாதான் எனக்கு வாசிச்சுக் காட்டினாள். மன்னிப்புக் கேட்ட இடமெல்லாம் ஒழுங்கா வாசிச்சாள். ஈயம் தொண்ணூத்தெட்டு எண்ட இடம் வந்த உடன அழத் தொடங்கினவள், செம்பு எழுபத்தொண்டுக்கும் அழுதாள். ஈயத்துக்கு ஒரு பொம்புள அழுவாளா மச்சான்?

முகத்தக் கழுவிட்டு வா எண்டன்.

மார்ச் மாசத்தில இருந்து அந்த ரோட்டுக்குப் போக எனக்குக் கால் கூசும். ஒவ்வொரு நாளும் சாவியக் கையில எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டிட்டுத்தான் ஏறுவன். பயத்தில நிப்பாட்டினா, மூணு வருசம் உழைச்சவனுக்கு என்ன சொல்றது எண்டுதான் ஓடினன். எஞ்சின் பிழை எண்டு நீயே எழுதினது நல்லதாப் போச்சு.

அந்த நம்பர் சரியா பிழையா எண்டு நான் கேக்கமாட்டன். நீயும் சொல்லாத.
சரீப்